மறுபடியும் முத்து போட்டது ஏன்?

கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறேன்.

கணவர் நாட்டுப்படகில் தங்குகடலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, செல்பவர். கடிதம் எழுதியவர் சென்ற ஆண்டுவரை கடற்பாசி எடுக்கச் சென்றுகொண்டிருந்தார்; இப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. மூத்த மகளுக்கு வயது மூன்றேகால், எடை 13 கிலோ, அங்கன்வாடிக்குச் செல்கிறாள். சென்ற தை மாதம் அவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் அடித்து, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறு கொப்புளங்களும் வாயில் புண்களும் வந்தன. மருந்துக்கடையில் ‘அம்மை மாத்திரை’ என்று அசைக்ளோவிரும், கூடவே ஓர் ஆன்டிபயாடிக் சிரப்பும் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. வைகாசியில் மறுபடியும் வந்தது. இம்முறை கொப்புளங்கள் பெரியவையாக இருந்தன. வாயைச் சுற்றிலும், முழங்கை முழங்கால்களிலும், பிட்டத்திலும், தொடையின் பின்புறத்திலும் பரவின. “அம்மாள் வந்திருக்கிறாள், ஊசி மருந்து கூடாது” என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட, வேப்பிலை பரப்பிய பாயில் குழந்தையைப் படுக்கவைத்தார்கள்; வீட்டில் தாளிப்பை நிறுத்தினார்கள்; ஏழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்குள் தாய்க்கும் தொண்டை வலித்து, விரல்களில் மூன்று கொப்புளங்கள் தோன்றி மறைந்தன. இப்போது ஆறு வாரம் கழித்து, குழந்தையின் கைவிரல் நகங்கள் இரண்டும் கால் பெருவிரல் நகம் ஒன்றும் அடியிலிருந்து கழன்று வருகின்றன.

அவர் கேட்பவை இவை. அம்மை ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்பார்களே, என் மகளுக்கு ஏன் இரண்டு முறை வந்தது? அவளுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையா? பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கோமாரி வந்திருந்தது, அதிலிருந்து ஒட்டியதா? நகம் விழுவது எதனால்? வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? மூன்றாம் முறை வந்தால் மாமியார் பேச்சைக் கேட்பதா, மருத்துவரிடம் ஓடுவதா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குழந்தையை நேரில் பார்க்காமல் உறுதியாக நோயைச் சொல்வது சரியல்ல என்றாலும், நீங்கள் கொப்புளங்கள் இருந்த இடங்களை இவ்வளவு துல்லியமாகக் குறித்திருப்பதால், என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது. உங்கள் மகளுக்கு இரண்டு முறையும் வந்தது பெரும்பாலும் ‘கை கால் வாய் நோய்’ என்று நாங்கள் அழைக்கும் வைரஸ் காய்ச்சல்தான். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது அது. 2022 மே மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் சிறு பிள்ளைகளுக்குச் சிவந்த கொப்புளங்கள் வந்தபோது ‘தக்காளிக் காய்ச்சல்’ என்ற பெயரில் பெரிதும் பேசப்பட்டதே, அதுவும் இந்த நோயின் ஒரு தோற்றம்தான். தக்காளிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கொப்புளத்தின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து வைத்த பெயர் அது.

எல்லாக் கொப்புளத்துக்கும் அம்மை என்ற ஒரே பெயரை நாம் வைத்திருப்பதிலிருந்துதான் உங்கள் கவலையில் பாதி பிறக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை என்று நம் முன்னோர் பிரித்தறிந்தே இருந்தார்கள். அவற்றில் பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வரவில்லை. 1980-இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. சின்னம்மையும் தட்டம்மையும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வைரஸால் வருபவை. ஆகவே ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. ‘ஒருமுறை வந்தால் வராது’ என்ற ஊர்ப் பேச்சு அவற்றுக்குப் பொருந்தும். கை கால் வாய் நோய்க்குப் பொருந்தாது, ஏனென்றால் அதை உண்டாக்கும் வைரஸ் ஒன்றல்ல.

எப்படிப் பிரித்தறிவது?

உங்கள் மகளின் உள்ளங்கையை நான் பார்த்திருந்தால், ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்துப் பார்த்திருப்பேன். இந்த நோயின் கொப்புளம் அங்கே நெல்மணிபோல் சற்று நீள்வட்டமாக, சாம்பல் பூத்த வெண்மையுடன், சிவந்த விளிம்போடு, கைரேகைகளின் போக்கிலேயே படுத்திருக்கும். பெரும்பாலும் அரிப்பு இருக்காது. வாய்ப்புண்தான் குழந்தையை வாட்டும். சின்னம்மையோ மார்பிலும் முதுகிலும் தொடங்கும், தலைமுடிக்குள்ளும் வரும், கடுமையாக அரிக்கும், ஒரே நேரத்தில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு எல்லாம் கலந்து தெரியும், உள்ளங்கை உள்ளங்காலில் மிகக் குறைவாகவே இருக்கும். தட்டம்மையில் நீர்க்கொப்புளமே கிடையாது. மூன்று நான்கு நாட்கள் கடுங்காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்கள் என்று தொடங்கி, பிறகு காதின் பின்புறத்திலிருந்தும் முகத்திலிருந்தும் தடிப்பு கீழே இறங்கும்.

இந்தப் பாகுபாடு பெயருக்காக மட்டும் சொல்வதல்ல. தட்டம்மை என்றால் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும், சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சின்னம்மை என்றால், அதுவரை அந்த நோய் வராத கர்ப்பிணி ஒருவர் அதே வீட்டில் இருக்கும்போது உடனே செய்ய வேண்டிய சிகிச்சை இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே வைத்து ‘அம்மை’ என்று முடித்துவிட்டால், இந்த வாய்ப்புகள் எல்லாம் கைநழுவிப் போகும்.

கோமாரியைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுக்கும் வாயிலும் குளம்பிலும் புண் வருவதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலப் பெயர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் படித்தவர்களும் குழம்புகிறார்கள். கோமாரியின் வைரஸ் வேறு. பக்கத்து வீட்டு மாட்டிடமிருந்து உங்கள் மகளுக்கு இது வரவில்லை.

ஒரே கொப்புளம், பல வைரஸ்கள்

மனிதக் குடலில் தங்கிப் பெருகும் என்டெரோவைரஸ் என்ற பெருங்கூட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. போலியோ வைரஸும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். 1940-களின் இறுதியில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் காக்சாக்கி என்ற சிற்றூரில் போலியோ என்று சந்தேகிக்கப்பட்ட பிள்ளைகளின் மலத்தை ஆராய்ந்தபோது போலியோ அல்லாத ஒரு புது வைரஸ் அகப்பட்டது. அந்த ஊரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 1957-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிள்ளைகளுக்குக் கூட்டமாக வாய்ப்புண்ணும் கைகால் கொப்புளமும் வந்தபோது காக்சாக்கி ஏ16 என்ற வகையே காரணம் என்று கண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, இங்கிலாந்தின் பர்மிங்காமில் இதே நோய் பரவியபோதுதான் ‘கை கால் வாய் நோய்’ என்ற பெயர் நிலைத்தது.

இன்றைக்கு இந்த நோயை அதிகமாக உண்டாக்குபவை காக்சாக்கி ஏ16, காக்சாக்கி ஏ6, காக்சாக்கி ஏ10, என்டெரோவைரஸ் ஏ71 ஆகியவை. இன்னும் சில சிறு பங்காளிகளும் உண்டு. இவற்றில் ஒன்று தாக்கினால் உடல் அந்த ஒன்றுக்குத்தான் பாதுகாப்பைச் சேர்த்துவைக்கும். மற்றொன்று வரும்போது அந்தப் பாதுகாப்பு பெரிதாக உதவாது. ஒரே நிறச் சட்டை போட்ட நாலு பேரில் ஒருவரை அடையாளம் வைத்துக்கொண்ட காவலாளி மற்ற மூவரையும் தடுக்க முடியாதல்லவா, அதைப் போலத்தான் இது. சீனாவில் 2016 முதல் ஏ71-க்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது. அந்தத் தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கும் ஏ16-ஆலும் ஏ6-ஆலும் நோய் வரத்தான் செய்கிறது. இந்தியாவில் இப்போது இந்த நோய்க்குத் தடுப்பூசி பயன்பாட்டில் இல்லை.

உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களே இதற்குச் சான்றுபோல் இருக்கின்றன. தை மாதம் வந்தது, கையிலும் காலிலும் வாயிலும் அடங்கிய சிறு கொப்புளம். ஏ16 வழக்கமாக இப்படித்தான் வரும். வைகாசியில் வந்தது வாயைச் சுற்றியும் தொடையிலும் பரவிய பெரிய கொப்புளம். பெரியவரான உங்கள் விரலிலும் வந்தது. ஆறு வாரத்தில் நகம் கழல்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஏ6-இன் மேல் என் சந்தேகம் வலுக்கிறது. 2008-இல் பின்லாந்தில் ஏ6 பரவியபோது, நோய் ஆறிய சில வாரங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு நகம் உதிர்ந்ததைக் கவனித்துப் பதிவு செய்தார்கள். காய்ச்சல் அடித்த நாட்களில் நகத்தின் வேர் சில காலம் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. பிறகு வேர் மீண்டும் வேலை தொடங்கும்போது, பழைய நகத்துக்கும் புதியதற்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்து, பழையது மேலே தள்ளப்பட்டு உதிர்கிறது. கழலும் நகத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தால் அடியில் மெல்லிய புது நகம் தெரியும். வலி இருக்காது, தானாகவே வளர்ந்துவிடும். கால்சியம் சிரப் வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இது சத்துக் குறைவால் வருவதில்லை என்பதால் அது தேவையில்லை.

ஆக, இரண்டு முறை வந்ததற்கு உங்கள் மகளின் உடலில் குறை இல்லை. எதிர்ப்புச் சக்தி உண்மையிலேயே குறைந்த குழந்தை வேறு விதமாகத் தெரியும்: திரும்பத் திரும்ப நிமோனியா வரும், எடை ஏறாது, சீழ்க்கட்டிகள் வந்து ஆறாமல் நிற்கும், வாயில் வெள்ளைப் படலம் மாதக்கணக்கில் போகாது. உங்கள் மகளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. டானிக்குக்கு மாதாமாதம் செலவழிக்கும் பணத்துக்கு முட்டையும் மீனும் பயறும் வாங்கிக் கொடுங்கள்.

எந்த வைரஸ் என்று தொண்டைச் சளியிலோ மலத்திலோ பரிசோதித்துத் திட்டமாகச் சொல்ல முடியும். ஆனால் குழந்தை நன்றாக இருக்கும்போது அந்த முடிவால் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதால், அதற்காக நீங்கள் மதுரைக்கும் சென்னைக்கும் அலைய வேண்டாம்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இரவு

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. “மூன்றாம் நாள் தண்ணீர்கூட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள், காலையிலிருந்து ராத்திரிவரை ஒரு தடவைதான் ஒன்றுக்குப் போனாள், மறுநாள் இளநீர் குடித்ததும் சரியாகிவிட்டது.” அதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே கொப்புளத்தின் தழும்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். சகோதரி, கடிதம் முழுவதிலும் என்னைப் பயமுறுத்தியது அந்த ஒரு வரிதான். இந்த நோயில் தோல் கெடுவதால் குழந்தைகள் ஆபத்துக்குள் போவதில்லை. வாய்ப்புண்ணின் எரிச்சலுக்குப் பயந்து குடிக்காமல் இருப்பதால் நீர் வற்றிப்போவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் ஆபத்து. கரண்டியைக் கண்டதும் அழுது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்குப் பிடிவாதம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

அடுத்த முறை உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இப்படி நேர்ந்தால், கொப்புளங்களை எண்ணுவதை விட்டுவிட்டுச் சிறுநீரை எண்ணுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். எட்டு மணி நேரம் போகவே இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு காய்ந்திருக்கிறது, கண் குழிந்திருக்கிறது என்றால் அந்த இரவை விடியட்டும் என்று கழிக்காமல் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

குடிக்கவைப்பதற்கு நம் ஊரிலேயே நல்ல பொருட்கள் இருக்கின்றன. இளநீர், உப்பு குறைத்த புளிக்காத மோர், ஆறிய அரிசிக் கஞ்சி, நுங்குக் காலமாக இருந்தால் தோல் நீக்கிய இளநுங்கு. எல்லாமே குளிர்ச்சியாகவும் புளிப்பும் காரமும் இல்லாமலும் இருப்பவை. ஒரு டம்ளரை ஒரே மூச்சில் நீட்டாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டியாக ஊட்டுங்கள். புளி விட்ட மீன் குழம்பு, கருவாடு, எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறு ஆகியவை புண்ணில் பட்டால் குழந்தை அடுத்த வேளைக்கும் வாயைத் திறக்காது. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் குறித்திருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கலக்க வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: நம் கரையோரக் கிணற்று நீர் பலவும் உவர்ப்பானது. அந்த நீரில் கரைசலைக் கலந்தால் உப்பின் அளவு கூடிக் குழந்தைக்கு நன்மைக்குப் பதில் கெடுதல் ஆகும். குடிப்பதற்கென்று குடத்தில் பிடித்துவைத்திருக்கும் காவிரித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதில்தான் கலக்க வேண்டும்.

நீர் வற்றுவதைக் காட்டிலும் அரிதான, ஆனால் கொடிய ஆபத்து ஒன்று உண்டு. அது பெரும்பாலும் என்டெரோவைரஸ் ஏ71-ஆல் வருகிறது. 1969-இல் கலிபோர்னியாவில் மூளைக்காய்ச்சல் வந்த குழந்தையிடம் முதலில் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், 1997-இல் மலேசியாவின் சரவாக்கிலும் 1998-இல் தைவானிலும் பெரிதாகப் பரவியது; தைவானில் மட்டும் அந்த ஆண்டு 78 பேர் இறந்தார்கள். மூளைத் தண்டைத் தாக்கி, இதயத்தையும் நுரையீரலையும் தடுமாறச் செய்வது இதன் வழி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது நேர்வதில்லை. ஆனாலும் எது ஏ16, எது ஏ71 என்று கொப்புளத்தைப் பார்த்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது என்பதால், எல்லாக் குழந்தைகளிடமும் இவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்: மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், திரும்பத் திரும்ப வாந்தி, தூங்கத் தொடங்கும்போது யாரோ தட்டி எழுப்பியதுபோல் உடல் தூக்கித் தூக்கிப் போடுவது, நடையில் தள்ளாட்டம், எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது, வேகமான மூச்சு, காய்ச்சல் இருக்கும்போதே கைகால் சில்லிட்டுப் போவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குழந்தையை இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைபோல் குழந்தைகள் தீவிர சிகிச்சைக்கு வசதியுள்ள இடத்துக்கு நேராகக் கொண்டுசெல்ல வேண்டும்.

மாமியாரும் மருந்துக்கடையும்

மாமியாரின் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது எழுத்தில் தெரிகிறது. அவர் செய்தவற்றைத் தனித்தனியாகப் பார்ப்போம். வேப்பிலை பரப்பிய பாயில் படுக்கவைத்ததால் தீங்கில்லை. அரைத்த வேப்பிலையையும் மஞ்சளையும் உடைந்த கொப்புளத்தின் மேல் அப்புவது மட்டும் வேண்டாம். தாளிப்பையும் காரத்தையும் நிறுத்தியது வாய்ப்புண்ணுக்கு நன்மையே செய்தது. இளநீர் கொடுத்தவரும் அவர்தான் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏழு நாள் குளிப்பாட்டாமல் இருந்தது தேவையற்றது. வெதுவெதுப்பான நீரில் நாள்தோறும் மெல்லக் குளிப்பாட்டினால் கொப்புளத்தில் சீழ் பிடிப்பது குறையும். மருத்துவரிடம் காட்டக் கூடாது என்றதுதான் உண்மையான பிழை. அதுவும் அம்மாளின் மேல் கொண்ட பயபக்தியால் வந்த பிழைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே நோயுடன் ஒரு பையனை அவனுடைய அப்பத்தா தன் சேலைத் தலைப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். கைநிறைய வேப்பிலையும் இருந்தது. “டாக்டரய்யா, முத்து இறங்கிக்கிட்டுத்தான் வருது, ஆனா நேத்து பொழுது சாஞ்சதுல இருந்து துணி நனையலை” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. உடனே சலைன் ஏற்றினோம். மாலையில் பையன் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டான். வேப்பிலையை எடுத்துவிடும்படி நான் அவரிடம் சொல்லவில்லை. உங்கள் மாமியாரிடமும் “அம்மாள் வந்தாலும் பிள்ளைக்குத் தண்ணீர் இறங்க வேண்டும், அதை நீங்கள்தான் கணக்கு வைத்துச் சொல்ல வேண்டும்” என்று அந்தப் பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். பல வீடுகளில் இது பலன் தருவதைக் கண்டிருக்கிறேன்.

மருந்தைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டிலேயே விடை இருக்கிறது. தை மாதம் அசைக்ளோவிரும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தீர்கள், ஒரு வாரத்தில் ஆறியது. வைகாசியில் ஒன்றும் கொடுக்கவில்லை, அப்போதும் ஒரு வாரத்தில்தான் ஆறியது. அசைக்ளோவிர் சின்னம்மை வைரஸின் குடும்பத்தைத் தாக்கும் மருந்து. என்டெரோவைரஸை அது ஒன்றும் செய்யாது. ஆன்டிபயாடிக் எந்த வைரஸையும் கொல்லாது. கொப்புளத்தில் சீழ் பிடித்தால் மட்டும் மருத்துவர் அதை எழுதிக்கொடுப்பார். காய்ச்சலுக்கும் வாய்ப்புண் வலிக்கும் பாராசிட்டமால் போதும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், 13 கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 195 மில்லிகிராம் வரும். ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. சிரப்புகளில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டிலைத் திருப்பிப் படிக்காமல் ‘ஒரு மூடி’ என்று ஊற்றுவது ஆபத்தானது. குடிக்க அடம்பிடிக்கும் குழந்தைக்கு, குடிப்பதற்கு அரை மணி முன்னால் இதைக் கொடுத்தால் வலி அடங்கிக் கொஞ்சம் குடிக்கும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. வாயை மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைச் சிறு பிள்ளைகளுக்கு நீங்களாக வாங்கித் தடவ வேண்டாம்.

அங்கன்வாடியும் குடத்துத் தண்ணீரும்

காய்ச்சல் நிற்கும்வரையும், கொப்புளங்கள் காய்ந்து வாயில் எச்சில் வடிவது அடங்கும்வரையும், அதாவது ஏறக்குறைய ஒரு வாரம், குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்பாமல் இருப்பதுதான் முறை. நகம் விழுந்து முடியும்வரை அனுப்பாதீர்கள் என்று பணியாளர் சொல்லியிருப்பது தேவையற்ற பயம். நகத்தால் நோய் ஒட்டாது. அவரிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள், வேண்டுமானால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கொடுங்கள்.

நோய் எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகியவற்றின் வழியே பரவுகிறது. கிருமி உள்ளே போன மூன்று முதல் ஆறு நாட்களில் வெளிப்படுகிறது. குழந்தை குணமான பிறகும் பல வாரங்கள் மலத்தில் வைரஸ் இருக்கும். அத்தனை வாரமும் வீட்டிலேயே அடைத்துவைக்க முடியாது என்பதால், மலம் கழுவிவிட்ட பிறகும் சோறு பிசைவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதே முதன்மையான தடுப்பு. கொரோனா காலத்தில் வாங்கிவைத்த சானிடைசர் இங்கே அவ்வளவாக உதவாது. கொரோனா வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்புறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும்; என்டெரோவைரஸுக்கு அந்த உறை இல்லை.

தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்தும் விலைக்கு வாங்கியும் வாழும் ஊரில் ‘அடிக்கடி கை கழுவுங்கள்’ என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை அறிந்தே சொல்கிறேன். சோப்பைத் தேய்க்கும் இருபது நொடிக்குத் தண்ணீர் தேவையில்லை. நனைக்கக் கொஞ்சம், அலசக் கொஞ்சம், மொத்தம் ஒரு சிறு செம்பு போதும். இதற்குக் கிணற்றின் உவர்நீரே போதுமானது. நுரை குறைவாக வந்தாலும் தேய்ப்புத்தான் கிருமியை அகற்றுகிறது. குழந்தையின் தட்டு, டம்ளர், துண்டு ஆகியவற்றைத் தனியே வையுங்கள். அங்கன்வாடியின் விளையாட்டுப் பொருட்களைச் சோப்பு நீரில் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைத்து, மறுபடி அலசி வெயிலில் காயவைக்கச் சொல்லுங்கள்.

வயிற்றில் இருக்கும் குழந்தை

இந்தக் கேள்வியைக் கடைசியில், அதுவும் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் விரலில் வந்த மூன்று கொப்புளங்களும் மகளிடமிருந்து ஒட்டிய அதே வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கர்ப்ப காலத்தில் இந்த வைரஸ் வந்த தாய்மாரில் மிகப் பெரும்பாலோருக்கு வயிற்றுக் குழந்தை நலமாகவே பிறக்கிறது. ருபெல்லா என்னும் ஜெர்மன் அம்மையைப்போல் இது ஊனத்தை உண்டாக்குகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. உங்களுக்கு அது ஆறாம் மாதத்தில் வந்து போய்விட்டது. அதற்கு எதிராக உங்கள் உடல் செய்த பாதுகாப்புப் பொருட்கள் தொப்புள்கொடி வழியே குழந்தைக்கும் செல்லும். அசைவு வழக்கம்போல் இருக்கிறது, ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பதால், இதற்கென்று தனியாக எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.

கவனம் தேவைப்படுவது பிரசவத்தை ஒட்டிய நாட்களில். அப்போது வீட்டில் யாருக்காவது புதிதாக இப்படிக் கொப்புளமோ, உங்களுக்குக் காய்ச்சலோ வந்தால் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறந்த முதல் இரு வாரங்களில் குழந்தைக்கு இந்த வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் லேசாகவே போகும். மிகச் சிலருக்கு மட்டும் கடுமையாகும். அந்தப் பச்சிளம் வயதில் உடல் சுடுவதோ, சில்லிடுவதோ, பால் குடிக்க மறுப்பதோ, எழுப்ப முடியாமல் தூங்குவதோ எதுவாக இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு இடம் கொடுக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாய்ப்பாலை எந்த நிலையிலும் நிறுத்த வேண்டாம்.

உங்கள் மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து, தட்டம்மை-ருபெல்லா ஊசி ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் இரண்டு முறை போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் இப்போதும் போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த ஊசி கர்ப்பத்தில் போடக் கூடாது என்பதால் அது பிரசவத்துக்குப் பிறகு பேச வேண்டியது. நீங்கள் சிறு வயதில் சின்னம்மை கண்டவரா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டு, விடையைக் கர்ப்ப கால அட்டையில் குறித்துவைக்கும்படி கிராம சுகாதார செவிலியரிடம் அடுத்த பரிசோதனை நாளிலேயே சொல்லிவிடுங்கள். மகளின் நகத்தைப் பிடுங்க வேண்டாம். தொங்கும் விளிம்பை மட்டும் நறுக்கி, மணலில் விளையாடும்போது ஒரு சிறு துணியைச் சுற்றிவிடுங்கள்.